அந்தக் கையை மட்டும்

ஆல்பம் வேலை செய்கிறவர்களுக்குப் படம் பார்க்க இரவில்தான் நேரம் கிடைக்கும். 40 ஷீட் டிசைனை முடித்து, லேபுக்கு அனுப்புவதற்காக எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டால் என்னுடைய கணினி ஒன்றரை மணி நேரம் முனகிக்கொண்டே இருக்கும். அப்போது அதைத் தொடக்கூடாது. தொட்டால் கோபித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். ஆகவே பக்கத்தில் மகளின் மடிக்கணினியை வைத்து ஏதாவது ஒரு படத்தை ஓட்டுவேன். படத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரே அளவுகோல்தான்: எக்ஸ்போர்ட் முடிவதற்குள் படம் முடிய வேண்டும். 2013இல் வந்த 'லவ்லேஸ்' என்ற அமெரிக்கப் படம் அப்படித்தான் அகப்பட்டது. 93 நிமிடம். மூன்று நிமிடத்தை மன்னித்துவிட்டேன்.

திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் 19 வருடங்களாக இந்த வேலை செய்கிறேன். ஏழு ஸ்டுடியோக்காரர்கள் மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, வளைகாப்பு என்று எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். முகப்பருவை எடுப்பேன், கண்ணுக்குக் கீழே கறுப்பைக் குறைப்பேன், பந்தியில் பின்னால் நிற்கும் குடிகாரச் சித்தப்பாவை மறைய வைப்பேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'லவ்லேஸ்' படத்தை நான் ஒரு சினிமா ரசிகையாகப் பார்க்கவில்லை. ரீடச் செய்கிறவளாகத்தான் பார்த்தேன். வேறு மாதிரி எனக்குப் பார்க்கத் தெரியாது.

'டீப் த்ரோட்' என்ற படத்தில் நடித்த பெண்ணின் கதைதான் 'லவ்லேஸ்'. 'டீப் த்ரோட்' என்ற பெயர் எனக்கு முன்பே தெரியும், ஆனால் வாட்டர்கேட் ஊழல் வழியாக. அமெரிக்க ஜனாதிபதி நிக்சனைக் கவிழ்த்த செய்திகளை வாஷிங்டன் போஸ்ட் நிருபருக்கு ரகசியமாகச் சொன்ன மனிதருக்கு அந்தப் பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவர் வைத்த புனைபெயர் அது. பொது அறிவுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த மனிதர் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யில் இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் ஃபெல்ட் என்று 2005இல் தெரியவந்தபோது நாளிதழில் படித்ததும் நினைவிருக்கிறது. அந்தப் பெயர் அப்போது தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஆபாசப் படத்தின் பெயர் என்பதும், அதில் நடித்த பெண் தன்னை அடித்து மிரட்டித்தான் அதில் நடிக்க வைத்தார்கள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் பொது அறிவுப் புத்தகத்தில் இல்லை.

அந்தப் பெண் லிண்டா போர்மன். 1949இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். அப்பா போலீஸ்காரர், அம்மா உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவர். கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், பையன்களைப் பக்கத்தில் அண்டவிடாததால் கூடப் படித்தவர்கள் 'மிஸ் ஹோலி ஹோலி' என்று கேலிப்பெயர் வைத்திருந்தார்களாம். அவருக்கு 16 வயதானபோது குடும்பம் புளோரிடாவுக்குப் போகிறது. 20 வயதில் கல்யாணமாகாமல் ஒரு குழந்தை. அம்மா அதைத் தந்திரமாகத் தத்துக் கொடுத்துவிடுகிறார். லிண்டா மறுபடி நியூயார்க் போகிறார், கார் விபத்தில் அடிபடுகிறார், உடம்பைத் தேற்றிக்கொள்ள அப்பா அம்மா வீட்டுக்கே திரும்பி வருகிறார். அந்தச் சமயத்தில்தான் சக் ட்ரேனர் வருகிறான். கார் வைத்திருப்பவன், சிகரெட்டுக்கு நெருப்புக் கொடுப்பவன், கண்டிப்பான அம்மாவிடமிருந்து மீட்டுக்கொண்டு போகிறவன். 1971இல் கல்யாணம். 1972 ஜனவரியில் மயாமியில் 'டீப் த்ரோட்' படப்பிடிப்பு. அந்த ஜூனில் நியூயார்க்கில் வெளியீடு. லிண்டா போர்மன் என்ற பெயர் போய் லிண்டா லவ்லேஸ் ஆகிறது.

எப்ஸ்டீன், ஃப்ரீட்மன் என்ற இருவர் சேர்ந்து இயக்கிய 'லவ்லேஸ்' இந்தக் கதையை இரண்டு தடவை சொல்கிறது. முதல் தடவை ஊர் உலகம் கேட்ட கதை. வெயில், ஸ்கேட்டிங் அரங்கம், பாட்டு, பெரிய காலர் வைத்த சட்டைகள், கூச்சப்படும் பெண், அவளைத் தைரியப்படுத்தும் காதலன். ஆபாசப் படம் எடுப்பது ஏதோ கல்லூரி நாடகம் போடுவது போல விளையாட்டாகப் போகிறது. லிண்டாவாக நடிக்கும் அமாண்டா சைஃப்ரெட் முகத்தில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள். அவற்றை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதை நான் உடனே கவனித்தேன், தொழில் புத்தி. படம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, கூட்டம் கைதட்டுகிறது, ப்ளேபாய் பத்திரிகை முதலாளி ஹெஃப்னர் வந்து கைகொடுக்கிறார். நாற்பது நிமிடத்துக்கு மேல் இந்த வேடிக்கைதான். எனக்கு எரிச்சல்கூட வந்தது. இதையா ஒரு பெண்ணின் துயரக் கதை என்று எழுதியிருந்தார்கள்?

அப்புறம் சட்டென்று சில வருடங்கள் தள்ளிப் போகிறது. ஒரு அறை. லிண்டாவின் விரலிலும் மார்பிலும் ஒயர்களைச் சுற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். பொய் கண்டுபிடிக்கும் கருவி. அவர் எழுதிய புத்தகத்தைப் போடுவதற்கு முன்னால், சொல்வது நிஜம்தானா என்று பதிப்பகத்துக்குத் தெரிய வேண்டும். சோதனை செய்கிறவராக வருபவர் எரிக் ராபர்ட்ஸ். அவரைப் பார்த்ததும் எனக்கு முதுகு சில்லிட்டது. ப்ளேபாய் பத்திரிகையின் அழகியாக இருந்து, 1980இல் 20 வயதில் கணவனால் சுட்டுக் கொல்லப்பட்ட டோரதி ஸ்ட்ராட்டனைப் பற்றி 'ஸ்டார் 80' என்று ஒரு படம் உண்டு. 1983இல் வந்தது. அதில் கொலைகாரக் கணவனாக நடித்தவர் இதே ராபர்ட்ஸ்தான். தெரிந்தேதான் இவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்களோ என்னவோ. லிண்டாவின் 'ஆர்டீல்' புத்தகம் வந்ததும் அதே 1980இல்தான்.

இங்கிருந்து கதை மறுபடியும் தொடங்குகிறது. அதே வீடு, அதே கல்யாணம், அதே ஹோட்டல். முதல் தடவை காட்டாமல் விட்ட நிமிடங்களை மட்டும் இப்போது காட்டுகிறார்கள். முதல் ஆல்பம் ரீடச் செய்தது, இது கார்டிலிருந்து அப்படியே எடுத்தது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கல்யாண இரவிலேயே அடி. பணத்துக்காக மற்ற ஆண்களிடம் அனுப்புவது. துப்பாக்கி. ஒருநாள் தெருவில் தப்பி ஓடிவருகிறார். போலீஸ் வண்டி நிற்கிறது. அப்பாடா என்று நாம் மூச்சு விடுகிறோம். போலீஸ்காரர் இவர் யாரென்று அடையாளம் தெரிந்து ஆட்டோகிராஃப் கேட்கிறார்.

ஆனால் நான் நிறுத்தி, பின்னால் தள்ளி, இரண்டு தடவைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த இடம் அது இல்லை. ஹோட்டல் அறைதான். படப்பிடிப்புக்கு வந்தவர்கள் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம். கதையின் முதல் ஓட்டத்தில் அது அவர்களுக்குப் புதுத் தம்பதியின் சந்தோஷமாகக் கேட்கிறது, நமக்கும்தான். இரண்டாவது ஓட்டத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் நம்மை நிறுத்துகிறார்கள். ட்ரேனர் லிண்டாவைச் சுவரில் மோதி அடித்துக்கொண்டிருக்கிறான்.

இது இயக்குநர்களின் கற்பனை என்று நினைத்துத்தான் தேடினேன். கற்பனை இல்லை. 1983 டிசம்பரில் மினியாப்பொலிஸ் நகர மன்றம் நடத்திய விசாரணையில் லிண்டாவே வந்து சொன்னது. ஆபாசப் படங்களால் பாதிக்கப்பட்ட பெண்கள் வழக்குப் போட வழிசெய்யும் ஒரு சட்டத்துக்காக பெண்ணியவாதிகளான ஆண்ட்ரியா டுவார்கினும் காதரின் மெக்கின்னனும் முன்நின்று ஏற்பாடு செய்த விசாரணை அது. படக்குழு முழுவதும் பக்கத்து அறையில் இருந்ததாகவும், இத்தனை பேர் இருக்கிறார்களே, நம் சத்தம் கேட்டால் யாராவது வருவார்கள் என்று நினைத்ததாகவும் சொன்னார். அடி தொடங்கியதும் பக்கத்து அறை அமைதியானது. அவ்வளவுதான். யாரும் வரவில்லை. மறுநாள் எல்லோருடைய பெரிய புகாரும் உடம்பில் காயம் தெரிகிறதே என்பதுதான். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், சந்தோஷமாக இருப்பதுபோல் தெரிகிறது என்று எத்தனையோ பேர் சொல்கிறார்கள், அந்தக் காயம் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை என்றும் அங்கேதான் சொன்னார்.

இதைப் படித்த இடத்தில் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். எக்ஸ்போர்ட் 71 சதவீதத்தில் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வளைகாப்பு ஆல்பம் வந்தது. எந்த ஊர், எந்த ஸ்டுடியோ என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அரக்குச் சேலை, ஏழாம் மாதம், இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். சந்தனம் பூசும்போது பெண்கள் வரிசையாக வருவார்கள், ஒவ்வொருத்திக்கும் ஒரு படம் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் சண்டை வரும். ஆகவே ஒரே கோணத்தில் நூற்றுக்கணக்கான படங்கள். எல்லாவற்றிலும் இடது கை கேமரா பக்கம். ரவிக்கையின் ஓரத்துக்கும் மேல் வளையலுக்கும் நடுவில் நான்கு விரற்கடை இடம். அந்த இடத்தில் ஊதாவும் மஞ்சளும் கலந்த கறை. ரத்தம் கட்டிய காயம் நாளாக ஆக நிறம் மாறும் என்பது என் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். நீலம், ஊதா, பச்சை, மஞ்சள். இது நாலைந்து நாள் பழசு. ஒன்றாக இல்லை, வரிசையாக நான்கு.

ஷீட் பார்க்க வந்தது பெண்ணின் அம்மா. முன்னட்டைக்கு எந்தப் படம், ஊஞ்சலில் உட்கார்ந்தது வேண்டுமா வேண்டாமா என்று எல்லாம் பேசிவிட்டு, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“அந்தக் கையை மட்டும் கொஞ்சம் சரிசெய்து கொடு தாயி. கதவில் இடித்துக்கொண்டாள்.”

“சரி அம்மா” என்றேன்.

ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்ததில் 41 படங்களில் அந்தக் கை இருந்தது. ஹீலிங் பிரஷ் என்று ஒன்று இருக்கிறது. பக்கத்தில் நல்ல தோல் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து எடுத்து, கறையின் மேல் தடவினால் அதுவே நிறத்தைப் பொருத்திக்கொள்ளும். ஒரு படத்துக்கு அரை நிமிடம். வளையலின் நிழல் விழுந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் கவனமாகச் செய்ய வேண்டியிருந்தது, நிழலையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் கை தட்டையாகத் தெரியும். நன்றாகவே வந்தது. ரீடச் என்று தனியாகப் பணம் வாங்கவில்லை, அதையும் ஒரு பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். எந்தக் கதவுக்கு நான்கு விரல் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

படத்துக்கு வருகிறேன். லிண்டாவின் அம்மாவாக நடித்திருப்பது யாரென்று முடிவில் பெயர் வரும்வரை எனக்குத் தெரியவில்லை. ஷாரன் ஸ்டோன். எந்த ஷாரன் ஸ்டோன் என்று கேட்பீர்கள், கவர்ச்சி வேடங்களுக்குப் பேர்போன அதே ஷாரன் ஸ்டோன்தான். சுருட்டி விட்ட தலைமுடி, இறுகிய வாய், எப்போதும் எதையோ கழுவிக்கொண்டிருக்கும் கை. ஒரு காட்சியில் லிண்டா வீட்டுக்கு வந்து, கொஞ்ச நாள் இங்கே இருந்துகொள்கிறேனே என்கிறார். அடிக்கிறான் என்கிறார். அவனுக்குக் கோபம் வரும்படி நீ என்ன செய்தாய் என்பது மாதிரி அம்மா திருப்பிக் கேட்கிறார். பிறகு கணவன் சொல்படி நடந்துகொள் என்று திருப்பி அனுப்புகிறார். இந்த வசனத்துக்கு எனக்கு சப்டைட்டில் தேவைப்படவில்லை. பிராங்க்ஸில் பிறந்து புளோரிடாவுக்குப் போன கத்தோலிக்க அம்மா பேசுவது இத்தனை பழக்கமாக இருக்கக் கூடாது.

அந்த அம்மாவை அரக்கியாகக் காட்டவில்லை என்பதுதான் இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது. அவர் தான் நம்பியதைச் செய்கிறார். ஸ்டோன் அந்தக் காட்சியில் மகளின் முகத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. பார்த்தால் காயம் தெரிந்துவிடும். அப்பாவாக வரும் ராபர்ட் பேட்ரிக்குக்கும் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. மகளிடம் தொலைபேசியில், அந்தப் படத்தை நான் போய்ப் பார்த்தேன் என்கிறார். குரல் அவ்வளவு மெதுவாக வருகிறது. அந்த ஒரு நிமிடத்துக்கே அவருக்கு ஏதாவது விருது கொடுத்திருக்கலாம்.

பீட்டர் சார்ஸ்கார்டின் சக் ட்ரேனரைப் பற்றி நிறையச் சொல்ல விரும்பவில்லை. நன்றாக நடித்திருக்கிறார், அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களை இன்னும் எத்தனை படத்தில் நுணுக்கமாகப் புரிந்துகொள்ள வேண்டுமோ தெரியவில்லை.

இனி பணக் கணக்கு. எனக்குக் கணக்கு பிடிக்கும். 'டீப் த்ரோட்' எடுக்க ஆன செலவு ஏறக்குறைய 25,000 டாலர். பணம் போட்டவர்கள் நியூயார்க்கின் கொலம்போ மாஃபியாக் குடும்பத்தோடு தொடர்புடைய பெராய்னோக்கள். லிண்டா நடித்ததற்குக் கொடுத்தது 1,250 டாலர். அதையும் ட்ரேனர்தான் வாங்கிக்கொண்டான், தன் கைக்கு ஒன்றும் வரவில்லை என்பது லிண்டாவின் வாக்குமூலம். இந்தப் படம் 60 கோடி டாலர் சம்பாதித்தது என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு நியூயார்க்கில் டிக்கெட் 5 டாலர். 60 கோடி வர வேண்டுமென்றால் 12 கோடி டிக்கெட் விற்றிருக்க வேண்டும். அன்றைய அமெரிக்காவின் மொத்த ஜனத்தொகையே 21 கோடி சுமார், அதில் குழந்தை குட்டி எல்லாம் அடக்கம். பல ஊர்களில் படத்துக்குத் தடை வேறு. ஆகவே அந்த எண் கதை. ஆனால் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், 1,250க்கு முன்னால் அதுவே எவ்வளவு என்று பாருங்கள். வந்த பணம் மாஃபியாவின் கைக்குப் போனதால் நிஜக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் இருக்காது.

வழக்குகளும் நடந்தன. 1973 மார்ச்சில் நியூயார்க் நீதிபதி ஒருவர் படம் ஆபாசமானது என்று தீர்ப்புச் சொன்னார். கூட நடித்த ஹாரி ரீம்ஸ் மீது மெம்ஃபிஸ் நகரத்தில் வழக்குப் போட்டு 1976இல் குற்றவாளி என்றார்கள், அடுத்த வருடம் அது ரத்தானது. நடிகர் ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதா, கருத்துச் சுதந்திரம் என்ன ஆவது என்று ஹாலிவுட்டின் பெரிய நடிகர்களெல்லாம் அவர் பக்கம் நின்றார்கள். நிற்க வேண்டியதுதான். படத்தைப் பார்த்த ஜனங்களின் ஒழுக்கம் கெட்டதா இல்லையா என்றுதான் நீதிமன்றங்கள் மண்டையை உடைத்துக்கொண்டன. படத்துக்குள் இருந்த பெண்ணுக்கு என்ன நடந்தது என்பது வழக்கின் பொருளாகவே இல்லை. அவரை அடித்ததற்காகவோ விற்றதற்காகவோ ட்ரேனர் கூண்டில் ஏறியதில்லை. லிண்டா விட்டுப்போன பிறகு, அதே துறையில் புகழ்பெற்ற இன்னொரு நடிகைக்கு மேனேஜரானான், கல்யாணமும் செய்துகொண்டான்.

லிண்டா சொன்னதை எல்லோரும் நம்பினார்களா என்றால், இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும், சந்தேகப்பட்டவர்களுக்குக் காரணம் இருந்தது. 1974இல் அவர் பெயரில் வேறு சுயசரிதைகள் வந்திருந்தன, எல்லாம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா என்கிற மாதிரி. பேட்டிகளில் சிரித்திருக்கிறார். முன்னால் எடுத்த சில மோசமான குறும்படங்களைப் பற்றிக் கேட்டபோது அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று மறுத்து, பிறகு அது வெளியே வந்தது. 'டீப் த்ரோட்' இயக்குநர் டாமியானோ உட்பட உடன் இருந்தவர்கள், கதவுக்குப் பின்னால் ட்ரேனர் அடித்தது உண்மைதான் என்றார்கள். அதே மூச்சில், லிண்டா சொல்வதை முழுக்க நம்ப முடியாது என்றும் சொன்னார்கள். நான் அந்த இரண்டாவது வாக்கியத்தைவிட முதலாவதில்தான் நின்றுவிட்டேன். அடித்தது தெரியும் என்கிறார்களே. தெரிந்தபின் அன்று இரவு என்ன செய்தார்கள்?

1986இல் அமெரிக்க அரசின் விசாரணைக் குழு முன்னால் லிண்டா சொன்னார்: “அந்தப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரும் நான் வன்புணர்வு செய்யப்படுவதைத்தான் பார்க்கிறார்கள்.” அதனால் நான் 'டீப் த்ரோட்' படத்தைத் தேடவில்லை, தேடப்போவதும் இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காலில் அந்தக் காயங்கள் படத்தில் தெரியும் என்று படித்ததும், எந்த ஷாட்டில், எந்த வெளிச்சத்தில், மேக்கப்பை மீறி எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும்போல் ஒரு நமைச்சல் வந்தது. 19 வருடப் பழக்கம் அப்படிச் செய்துவிடுகிறது மனிதரை. காயத்தைப் பார்த்தால் முதலில் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்றுதான் கண் போகும்.

எனக்கு 'லவ்லேஸ்' படத்தோடு ஒரு பெரிய மனஸ்தாபம் உண்டு. கதை 1980ஐ ஒட்டி, புத்தகம் வந்து, டி.வி.யில் பேட்டி கொடுத்து, புதுக் கணவரும் குழந்தையுமாக அப்பா அம்மாவைப் பார்க்கப் போவதோடு முடிந்துவிடுகிறது. எல்லோரும் அழுகிறார்கள், நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகலாம். ஆனால் லிண்டா அதற்குப் பிறகு 22 வருடம் வாழ்ந்தார். சின்ன வயதில் அந்த விபத்தின்போது ஏற்றிய ரத்தத்தில் இருந்த கிருமி கல்லீரலைத் தின்று, 1987இல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அந்த இரண்டாவது கல்யாணமும் 1996இல் முறிந்தது. குளோரியா ஸ்டைனம் முதலான பெண்ணியவாதிகள் அவருக்காகப் பேசினார்கள், எழுதினார்கள், மேடை ஏற்றினார்கள். கடைசிக் காலத்தில் அவர்கள்மீதும் லிண்டாவுக்குக் கசப்புதான். எல்லோரையும் போல அவர்களும் என்னை வைத்துக் கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டார்கள் என்கிற மாதிரிப் பேசியிருக்கிறார். 2001இல், லிண்டா லவ்லேஸ் என்ற அதே பெயரில், ஒரு பத்திரிகைக்கு உள்ளாடை விளம்பரம் போலப் படம் எடுக்கவும் நின்றார். 52 வயது.

இந்தக் கடைசிச் செய்தியைப் படித்ததும், பார்த்தாயா, அப்போதே தெரியும் என்று சொல்கிற ஆட்கள் எனக்கு நிறையத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண் அடிபட்டவள் என்று நாம் ஒப்புக்கொள்வதற்கு அவள் அதற்குப் பிறகு சாகும்வரை ஒழுங்காக, சோகமாக, ஒரே நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இந்தக் கடைசி 22 வருடத்தைப் படமாக எடுத்திருந்தால் நான் மூன்று மணி நேரம் என்றாலும் பார்த்திருப்பேன். அதை எடுக்கத் தைரியம் வேண்டும். ஹெஃப்னரைக் காட்ட அது தேவையில்லை.

2002 ஏப்ரல் 3ஆம் தேதி டென்வரில் மறுபடியும் ஒரு கார் விபத்து. 19 நாள் மருத்துவமனையில் இருந்து, 22ஆம் தேதி இறந்தார். வயது 53. சரியாக மூன்று மாதம் கழித்து, ஜூலை 22 அன்று, ட்ரேனர் மாரடைப்பில் போனான்.

எக்ஸ்போர்ட் முடிந்தது. லேபுக்கு அனுப்பிவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும் டப்பாவை எடுத்தேன். ஆல்பம் டெலிவரி ஆகி ஒரு வருடம் கழிந்தால் கார்டிலிருந்து ஏற்றிய அசல் படங்களை அழித்துவிடுவது என் வழக்கம். அந்த வளைகாப்பு போல்டர் மட்டும் இருந்தது. மறந்து விட்டேனா, வேண்டுமென்றே வைத்தேனா என்று எனக்கே சரியாகச் சொல்ல முடியவில்லை. திறந்து 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். சந்தனம் பூசும் ஏதோ ஒரு அத்தையின் விரல்கள் கன்னத்தில் இருக்கின்றன. அந்தப் பெண் சிரிக்கிறாள், நல்ல சிரிப்பு, பல் தெரிய. முன்னட்டையில் போட்டது இந்தப் படம்தான். கையில் அந்த நான்கும் அப்படியே இருந்தன.

மறுநாள் பில் புத்தகத்தில் எண்ணைத் தேடி எடுத்தேன். பதினொரு மணிக்கு அழைத்தேன். பெண்ணின் அம்மாதான் எடுத்தார். பின்னால் டி.வி.யில் ஏதோ நாடகம் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆல்பம் அக்காவா, என்னை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாயே என்று சந்தோஷப்பட்டார். பேரனுக்கு அடுத்த மாதம் காதுகுத்து வைத்திருக்கிறோம், உனக்குத்தான் சொல்லலாம் என்று இருந்தேன், 30 ஷீட்டுக்கு இப்போது என்ன வாங்குகிறாய் என்று கேட்டார். சொன்னேன். போன தடவையைவிட ஐந்நூறு ஏற்றிவிட்டாயே என்றார். பேப்பர் விலை ஏறிவிட்டது என்றேன்.

“மகள் எப்படி இருக்கிறாள் அம்மா?”

“இருக்கிறாள்” என்றார்.

“அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டேன். அந்தக் கையில் என்ன?”

“எந்தக் கை?”

“இடது கை. வளையலுக்கு மேலே.”

அந்தப் பக்கம் டி.வி.யின் சத்தம் குறைந்தது.